ஐந்தாவது பெயரை இன்னும் தைக்க வேண்டாம்

அணுபுரம் அருகில்,
ஜூன் 3, திங்கட்கிழமை

அன்பு மகள் சிநேகாவுக்கு,

அப்பா எழுதும் கடிதம். ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், நீயும் அந்த லிவர்பூல் குளிரில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நான் நம்பாவிட்டால் இங்கே உன் அம்மா மார்கரெட் என்று ஒருத்தி இருக்கிறாளே அவள் என்னைத் தூங்க விடமாட்டாள். அவளுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டரில் போட்டிருக்கிறது ஆனால் வெயிலுக்குப் படிக்கத் தெரியாது போலிருக்கிறது, மத்தியானத்தில் வாசல் கதவைத் தொட்டால் கை பொசுங்குகிறது. உன் தம்பி ஜோஷ்வா நாவலூரிலேயே ரூம் எடுத்துவிட்டான், ஞாயிற்றுக்கிழமை வருகிறான், கோயிலுக்கு வருகிறான், மீன் குழம்பு சாப்பிடுகிறான், தூங்குகிறான், போகிறான். கல்யாணம் பற்றிக் கேட்டால் அக்காவுக்கு முதலில் என்று உன் பக்கம் பந்தைத் தள்ளிவிடுகிறான். அதை நான் இந்தக் கடிதத்தில் பேசப் போவதில்லை, பயப்படாமல் மேலே படி.

போன திங்கட்கிழமை நான் போனில் ஐந்தாவது பெயரை இன்னும் தைக்க வேண்டாம் என்று கொடி தைக்கிற அந்த மரியன் அம்மாவிடம் சொல், காரணம் ஷாரோன் கையில் கடிதமாக வருகிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன் இல்லையா, அதற்கு நீ நாலு முறை திரும்பக் கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொன்னாலும் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு அவள் கதையாக ஆக்கியிருப்பாள். ஊரப்பாக்கம் ஷாரோன் லீவு முடிந்து வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள், இட்லிப் பொடியோடும் கருவாட்டோடும் இதுவும் வரும். கருவாட்டுக்கு மூன்று கவர் போட்டிருக்கிறோம், அப்படியும் காகிதத்தில் வாசனை வந்தால் பொறுத்துக்கொள். கேலரி விழுந்த அன்றைக்கு உனக்கு ஆறு வயது, அம்மை போட்டிருந்ததால் அம்மா உன்னை மைதானத்துக்கு விடவில்லை, நீ கேட்டதெல்லாம் மற்றவர்கள் சொன்னதுதான். அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் மே மாதம், நம் விடிவெள்ளி அணி நடத்துகிற செவன்ஸ் கால்பந்துப் போட்டியில் செமி ஃபைனல். அந்த வருஷம்தான் முதல் தடவையாகக் கேலரி கட்டினோம், மைதானத்தைச் சுற்றி இருக்கிற எல்லைக் கயிற்றுக்கு உள்ளே, சவுக்குக் கம்பு நட்டுப் பலகை போட்டு. கேலரி வேண்டும் என்று கமிட்டியில் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தன், அதை மறைக்க மாட்டேன். நூறு பேர் தாங்கும் என்றார்கள், இருநூறு பேருக்கு மேல் ஏறிவிட்டார்கள், யாரையும் இறங்கு என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. இரண்டாம் பாதி பதினோராவது நிமிஷம் நம் பையன்கள் கோல் போட்டார்கள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள், அவ்வளவுதான். மைக்கில் கோல் கோல் என்று கத்திக்கொண்டிருந்தவன் நான். பலகை முறிந்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை, என் குரல்தான் எனக்குக் கேட்டது. ஐந்து பேர் போனார்கள். உன் பெரியப்பா ஆபிரகாம், பாலா, முனிசாமி, அருள்தாஸ், இந்த நாலு பேரும் நம் தெரு. ஐந்தாவது ஆளின் முகத்தைப் பார்க்கவில்லை, நான் அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அந்த ஆளை வேனில் குப்புறப் போட்டு ஏற்றினார்கள், முதுகில் 12 என்று எழுதின நம் சிவப்பு ஜெர்சிதான் தெரிந்தது.

பிறகு போலீஸ், கேஸ், கமிட்டிக்காரர்கள் எல்லோரும் ஒரு மாதம் சொந்தக்காரர் வீடுகளில் பதுங்கல். ஆஸ்பத்திரிப் பக்கம் எவனும் போகவில்லை, நானும் அண்ணனை வாங்கி வரப் போனதோடு சரி. ஜெபக்கூட்டம் வைத்துப் பெயர்களைப் படிக்க வேண்டும் என்று முடிவானபோது மைக் என்னுடையது என்பதால் பட்டியலும் என் வேலை ஆயிற்று. டீம் ஷீட்டை எடுத்தேன், 12 என்றால் யார் என்று பார்த்தேன், காசிநாதன், வியாசர்பாடி என்று இருந்தது. உன் பெரியப்பா அந்த வருஷம் ஆட வெளியூரிலிருந்து கூட்டிவந்த பையன். அவன் வீடு எது, அப்பா அம்மா யார் என்று பெரியப்பா ஒருத்தருக்குத்தான் தெரியும், அவரும் போய்விட்டார். காசிநாதன் குடும்பத்தார், வியாசர்பாடி என்று மட்டும் எழுதி ஒரு கார்டு போட்டேன், விலாசம் போதாது என்று திரும்பி வந்தது. பேப்பரில் ஐந்து பேர் பலி என்று போட்டிருந்தான், என் பட்டியலிலும் ஐந்து பேர். எண்ணிக்கை சரியாக இருந்ததுதான் வினை, ஒன்று கூடியோ குறைந்தோ இருந்திருந்தால் யாராவது ஒருத்தன் கேள்வி கேட்டிருப்பான்.

அதிலிருந்து நடப்பதெல்லாம் உனக்குத் தெரியும். நம் மைதானத்தில் கேலரி கிடையாது, எம்.எல்.ஏ. வந்தாலும் தரையில் பாய்தான். செமி ஃபைனல் அன்று கோட்டோரமாக ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சிவப்பு ஜெர்சி, அதில் யாரும் உட்காரக் கூடாது. இரண்டாம் பாதி பதினோராவது நிமிஷம் ரெஃப்ரி விசில் அடிப்பார், பந்து எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும், கோலுக்குள் போய்க்கொண்டிருந்தாலும் சரி. நான் ஒவ்வொரு பெயராகப் படிப்பேன், ஒரு பெயருக்கு மைதானம் முழுக்க ஒரே ஒரு கைத்தட்டு. ஐந்து தட்டு, பிறகு ஆட்டம். நீ அனுப்பின வீடியோவில் அங்கே ஸ்டேடியத்துச் சுவரில் ஆட்டம் பார்க்கப் போய் நெரிசலில் செத்தவர்களின் பெயர்கள் வரிசையாக, வயசானவர்கள் கையால் தடவிப் பார்க்கிறார்கள், கழுத்துத் துண்டைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள், பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பத்திரண்டு வருஷம் கழித்து ஒருத்தர் அன்றைய காயத்தால்தான் இறந்தார் என்று முடிவானதும் தொண்ணூற்றாறு என்று இருந்ததைத் தொண்ணூற்றேழு என்று எல்லா இடத்திலும் மாற்றினார்கள் என்றாயே, அது மட்டும் எனக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த ஊரில் கொடி தைக்கிற அந்த மரியன் அம்மா நம் தெருக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு கொடி தைக்கிறேன், பெயர் அனுப்பச் சொல் என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே பட்டியலை அனுப்பிவிட்டேன். அதே தப்பான பட்டியலை.

இப்போது மே 26, ஞாயிற்றுக்கிழமை. இந்த வருஷம் வியாசர்பாடியிலிருந்து ஒரு டீம் வந்து செமி ஃபைனல் வரை ஏறிவிட்டது, பையன்கள் கால் தரையில் பாவவில்லை, அப்படி ஓடுகிறார்கள். அவர்களுடைய கோச் நாற்பத்தைந்து வயசு ஆள், தொப்பை, முழங்காலில் கட்டு, எல்லோரும் மாஸ்டர் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள், பெயரை யாரும் கேட்கவில்லை. அவர் காலை நீட்ட இடம் தேடி வந்து நேரே நம் ஐந்து நாற்காலியில் கடைசியாக இருந்ததில் உட்கார்ந்துவிட்டார். வாலண்டியர்கள் பாய்ந்து ஓடினார்கள், சார் எழுந்திருங்க சார், அது செத்தவங்க சீட்டு என்று கத்தினார்கள். மனுஷன் அலறி எழுந்து கும்பிடு போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். பதினோராவது நிமிஷம் விசில். நான் ஆபிரகாம் என்றேன், ஒரு தட்டு. பாலா, முனிசாமி, அருள்தாஸ். என் குரல் இன்னும் கணீரென்றுதான் இருக்கிறது, உன் அம்மாகூட ஒத்துக்கொள்வாள். காசிநாதன், வியாசர்பாடி என்றேன். தட்ட வேண்டிய இடத்தில் அந்தக் கோச் எழுந்து நின்று கையைத் தூக்கி, இன்னா சார், அது நானு, நான் உசுரோட கீறேன் சார், என்றார்.

சிநேகா, முதலில் வியாசர்பாடிப் பையன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள், அதற்கப்புறம் அத்தனை பேரும். ரெஃப்ரி விசிலை வாயிலிருந்து கீழே விட்டுவிட்டார். பாயில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டார். நான் மைக்கை அணைக்காமல் அட கர்த்தாவே என்று சொன்னது திருக்கழுக்குன்றம் ரோடு வரை கேட்டதாம். காசிநாதன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, இருவத்திரெண்டு வருசமா எனக்குத் தெவசம் பண்ணிகினு கீறீங்கோ, ஒரு வாட்டியாச்சும் சாப்பாடு போட்டீங்களா சார், என்றார். ஆட்டம் முடிந்ததும் உன் அம்மா அவரை வீட்டுக்கு இழுத்து வந்து வஞ்சிரம் வறுத்துப் போட்டாள், இருபத்திரண்டு வருஷப் பாக்கியையும் அன்றைக்கே தீர்ப்பது மாதிரி. நிஜமா செத்தா ஆளனுப்பறேன், அப்ப ஒரு தட்டு தட்டுங்கோ, அது வரிக்கும் என்ன வுட்ருங்கோ, என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்த பிறகு அவர் கேட்டார், அந்த சுண்டல்காரரு நல்லா கீறாரா சார், என்று. எந்தச் சுண்டல்காரர் என்றேன். அன்றைக்குப் பெரியப்பா அவரை ஆட இறக்காமல் வெளியே உட்கார வைத்துவிட்டாராம், இவர் கோபத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தாராம், ரோஷம் அப்படி. சுண்டல் விற்கிற ஒருத்தர் வந்து, சாப்புடு நைனா, டப்பு வேணாம், வவுறு காஞ்சா கோவம் அதிகமாவும், என்று ஒரு பொட்டலம் கையில் வைத்தாராம். சட்டை கிழிந்திருந்த அந்த மனுஷனுக்கு இவர் தன் ஜெர்சியைக் கழற்றிப் போட்டுவிட்டு, இதப் போட்டுகினு போ அண்ணாத்த, கயித்துக்கு உள்ளாற வுடுவாங்கோ, யாவாரம் நல்லா ஆவும், என்று சொல்லிவிட்டு அஞ்சு மணி பஸ்ஸில் ஏறிவிட்டாராம். கேலரி விழுந்த சேதி தெரியும், ஆனால் தனக்கே கைத்தட்டு நடக்கிறது என்று தெரியாது. அந்தப் பொட்டலத்தை மட்டும் மறக்கவில்லையாம். அவர் சொல்லி முடித்தபோது எனக்குச் சிரிப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. ஜெர்சி எண் 12. கயிற்றுக்கு உள்ளே. அந்தச் சுண்டல்காரர் அதற்கப்புறம் நம் மைதானத்துக்கு வரவே இல்லை என்பதை நாங்கள் யாரும் கவனிக்கக்கூட இல்லை.

உன் அம்மாதான் அடுப்படியிலிருந்து வந்து சொன்னாள். வருஷா வருஷம் பனைமரத்துப் பக்கம் கயிற்றுக்கு வெளியே ஒரு பெண் சுண்டல் தூக்கோடு நிற்பாள், பெயர் கன்னியம்மா, மாமல்லபுரம் கடற்கரையில் விற்கிறவள், செமி ஃபைனலுக்கு மட்டும் இவ்வளவு தூரம் வருகிறாள், பெயர் படித்து முடிகிற வரைக்கும் தூக்கின் மூடியைத் திறக்கமாட்டாள். நான் அவளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், வியாபாரத்துக்கு வருகிறாள் என்றுதான் நினைத்தேன். உன் அம்மா அவளிடம் பேசுவாளாம், வீட்டுக்காரர் விபத்தில் போய்விட்டார் என்பது வரை தெரியுமாம், என்ன விபத்து என்று கேட்டால் அவள் பேச்சை மாற்றிவிடுவாளாம். நானும் காசிநாதனும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். நம்மை எவனும் மனுஷனாகவே எண்ணவில்லை என்று வாழ்நாள் முழுக்கப் பேசினவன் உன் அப்பா, யூனியன் மீட்டிங்கில் மேஜையைக் குத்தினவன். கண்ணெதிரே ஒருத்தரை எண்ணாமல் விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது கண்ணு, இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

மறுநாள் காலையில்தான் உனக்கு அந்தப் போன் செய்தேன். செய்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் மாமல்லபுரம் போனோம். வழி முழுக்க என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன், உன் அம்மா மைக் குரலில் பேசாதீங்க, மனுஷக் குரலில் பேசுங்க என்றாள். கடற்கரையில் கன்னியம்மா எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள், அவசர அவசரமாகத் தூக்கை மூட ஆரம்பித்தாள். கிட்டே போய் நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள், அந்த பன்னெண்டாம் நம்பர் பனியனுக்குத்தானே வந்துகீறீங்கோ, தொவச்சி மடிச்சி வூட்ல வச்சிகீறேன், எடுத்தாந்து குடுத்துடறேன், போலீசு கீலீசு வேணாம் சார், என்று. எனக்கு ஒன்றுமே புரியவில்லை, கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அவள் வீட்டுக்காரர் உடம்போடு அந்த ஜெர்சியையும் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டக்காரன் பனியன் சுண்டல் விற்கிறவன் உடம்பில் எப்படி வந்தது? எங்கேயோ கழற்றி வைத்திருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டார் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். பெயரைச் சொல்லுங்கள் என்று வந்து கேட்டால் பனியனைக் கேட்பார்கள், செத்த மனுஷனைத் திருடன் என்பார்கள் என்று பயந்து இருபத்திரண்டு வருஷம் பனைமரத்தடியிலேயே நின்றிருக்கிறாள்.

காசிநாதன் மணலில் முட்டி போட்டு, அது நான் குடுத்ததும்மா, என்றார். குடுத்தியா, என்று கேட்டாள். குடுத்தேம்மா. கையில குடுத்தியா, எங்கனா வச்சிட்டுப் போனியா? கையிலதாம்மா, நானே தல வழியா மாட்டி வுட்டேன், கிச்சுகிச்சு மூட்டுதுன்னு சிரிச்சாரு. அவள் மூன்றாவது தடவையும் கேட்டாள், நீயாத்தான் குடுத்தியா என்று. இவர் ஆமாம் என்று சொல்லிவிட்டு, கயிற்றுக்கு உள்ளே போகச் சொன்னதும் நான்தான், அதுக்கு என்னை அடி, என்று முகத்தைக் காட்டினார். கன்னியம்மா அடிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து, எடுத்துகினாருன்னு நெனச்சிகினு கீறேனே, கட்னவ நானே நெனச்சிகினு கீறேனே, என்று தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். உன் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வடநாட்டிலிருந்து வந்த டூரிஸ்ட் ஒருத்தர் சுண்டல் கேட்டு வந்து நின்று, எங்களைப் பார்த்துவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார், எதற்கு என்று தெரியாமலே.

எல்லப்பன் என்பது அவர் பெயர். பட்டியலில் போட உங்கள் சம்மதம் வேண்டும், என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். பயம் இருந்தால் பிறகு எதற்கு வருஷா வருஷம் வந்தீர்கள் என்று உன் அம்மா கேட்டாள். நாலு பேரு உங்க ஆளுங்கோ, அவங்க வூட்டுக்காரங்க அழுவாங்கோ, பார்த்துகீறேன், என்றாள் கன்னியம்மா, அஞ்சாவது பேருக்கு மட்டும் அழ ஒரு ஆளும் வந்ததில்ல, அத்தால அந்தக் கைத்தட்ட நான் என் ஆளுக்கு எடுத்துகினேன், நேத்து அதுவும் வுழல, நேரா வூட்டுக்குப் பூட்டேன். சிநேகா, நான் கரண்ட் வேலை பார்த்த முப்பது வருஷத்தில் மூன்று தடவை ஷாக் அடித்திருக்கிறது, அதெல்லாம் ஒன்றுமில்லை. சம்மதமா என்று கேட்டதற்குப் பொண்ணு துர்காதேவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். நாங்கள் செவ்வாய், புதன், வியாழன் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உன் அம்மாவே பயந்துபோய் ரசம் வைத்துக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை சொல்லி அனுப்பினாள், பேரைப் படிங்க, நாற்காலி வேண்டாம், அவர் பிறந்ததிலிருந்து ஒரு இடத்தில் உட்கார்ந்ததில்லை, என்று.

நேற்று ஃபைனல். ரிசல்ட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், தோற்றுவிட்டோம், 2-1, அதுவும் செத்தவன் கோச்சாக இருக்கிற டீமிடம். உன் தம்பி இன்னும் ரெஃப்ரியைத் திட்டிக்கொண்டிருக்கிறான். ஃபைனலில் பெயர் படிக்கிற வழக்கம் இல்லை, கமிட்டியில் பேசி இந்த ஒரு தடவை படிப்பது என்று முடிவு செய்தோம், நடந்ததை முதலிலேயே மைக்கில் மக்களிடம் சொன்னேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அருள்தாஸின் அண்ணன் வந்து தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். நாலு நாற்காலி போட்டிருந்தோம். கன்னியம்மா பனைமரத்தடியிலிருந்து வந்தாள், கயிற்றை அவளாகவே தூக்கிக் குனிந்து உள்ளே வந்தாள், சேலைக்கு மேலே அந்தச் சிவப்பு ஜெர்சியைப் போட்டிருந்தாள், சாயம் வெளுத்து ரோஸ் ஆகிவிட்டது, 12 மட்டும் அப்படியே இருக்கிறது. இடுப்பில் சுண்டல் தூக்கு. பதினோராவது நிமிஷம் விசில் அடித்ததும் கோட்டோரமாக நடக்க ஆரம்பித்தாள், பாயில் இருந்தவர்கள் கையிலெல்லாம் ஒரு கரண்டி ஒரு கரண்டியாகச் சுண்டல் வைத்துக்கொண்டே. காசிநாதன் பின்னாலேயே காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். நான் நாலு பெயரைப் படித்தேன், நாலு தட்டு. அப்புறம் எல்லப்பன் என்றேன்.

அது ஒரு தட்டாக இல்லை மா. அவள் அந்தப் பக்கத்துக் கோல் கம்பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள், கையில் சுண்டலோடு இருந்தவர்கள் தொடையைத் தட்டினார்கள், பாயைத் தட்டினார்கள், நிற்கவில்லை. இரண்டு டீம் பையன்களும் தலைக்கு மேலே தட்டினார்கள். கன்னியம்மா சுற்றி முடித்து என் மேஜைக்கு வந்து தூக்கை வைத்தாள், மூச்சு வாங்கிற்று. கூட்டமும் மெதுவாக அடங்கியது. சார், பேரு சொல்லிட்டியா, தட்டுன சத்தத்துல அந்தாண்ட ஒண்ணுமே கேக்கல, இன்னொரு தபா சொல்லு சார், என்றாள். நான் ரெஃப்ரியைப் பார்த்தேன், அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினார். இருபத்திரண்டு வருஷம் பெயர் படித்திருக்கிறேன், இன்னொரு தடவை படி என்று யாரும் கேட்டதில்லை. மைக்கோடு அவள் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, மனுஷக் குரலில், எல்லப்பன் என்றேன். இந்தத் தடவை யாரும் தட்டவில்லை. அவள் கேட்டு முடிக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவ்வளவுதான் சேதி. தனிக் காகிதத்தில் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன், தமிழ் தெரியாத அம்மா படம் பார்த்துத் தைப்பது போலத் தைக்கப் போகிறார்கள், மேலே மூன்று புள்ளி இருக்கிறது, எண்ணிப் பார்க்கச் சொல். காசிநாதன் என்று ஏற்கெனவே தைத்திருந்தால் பிரிக்கட்டும், அவர் சந்தோஷப்படுவார். மரியன் அம்மா ஏன் மாற்றம் என்று கேட்டால் முழுக்கதையையும் சொல், கேலரிக்குக் கை தூக்கினவன் உன் அப்பாதான் என்பதையும் விடாதே. நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே, கருவாட்டை வறுக்கும்போது ஜன்னலைத் திற, பக்கத்து வீட்டுக்காரர்கள் தீயணைப்பைக் கூப்பிட்டுவிடப் போகிறார்கள். உன் கையால் தொடுகிற நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கட்டும், ஆண்டவர் உன் கூடவே இருக்கட்டும், அம்மா உனக்கு நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். கொடி முடிந்ததும் படம் அனுப்பு, உடனே அனுப்பு, முதலில் எனக்கு இல்லை, கன்னியம்மாவின் மகள் துர்காதேவியின் போன் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், அதற்கு.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா,
பூபாலன்